காலி மனைக்கு என்ன நிறம்?

அடுத்தவர் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார் அண்ணி. வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக முறைக்கிறார். அதெல்லாம் அண்ணிக்கு உறைக்காது. "பாத்தியா, எல்லாம் சின்னப் பிள்ளைங்க செருப்பு! ஒரே வீட்டுல இத்தனை பிள்ளைங்களா? டியூஷன் நடக்குதுடி!" என்று என் முதுகில் ஒரு தட்டு. மறுகணமே, வரைபடத்தில் மஞ்சளாக இருந்த அந்த வீட்டின் ஓரத்தில் சிவப்பு ஏறிவிடுகிறது.

என் அண்ணன் மனைவிக்கு நகரமைப்பு அலுவலகத்தில் வேலை. எங்கள் புறநகரில் எந்த மனையில் என்ன நடக்கிறது என்று தெருத்தெருவாகப் பார்த்து நிறம் தீட்ட வேண்டும். வீடு மஞ்சள், கடை, டியூஷன் மாதிரி தொழில் சிவப்பு, பட்டறை ஊதா, மக்கள் புழங்கும் திறந்தவெளி பச்சை. சும்மா கிடக்கும் மனை வெள்ளை. பெயர்ப்பலகையை மட்டும் அண்ணி நம்பவே மாட்டார். சாக்கடையில் நூல் துணுக்கு மிதந்தால் உள்ளே தையல். மொட்டைமாடியில் ஒரே மாதிரித் துண்டுகள் வரிசையாகக் காய்ந்தால் அழகு நிலையம். "போர்டுல என்ன வேணா எழுதிக்கலாம். துவைச்ச துணி காட்டிக் குடுத்துடும்" என்பார்.

மற்ற பென்சில்கள் எல்லாம் கைப்பையில். பச்சை மட்டும் கொண்டையில், ஊசிக்குப் பதிலாக. "இந்த ஊர்ல பச்சைக்கு எங்க வேலை இருக்கு? இங்கயாவது உபயோகமா இருக்கட்டும்!" அண்ணன் இதைக் கிண்டல் செய்தால் அன்றைக்கு அவருக்குக் காப்பி கிடையாது.

நேற்று மதியம் தெருக்கோடி மனைக்குப் போனோம். அலுவலகக் கணக்கில் அது வெள்ளை. ஈ காக்கை இல்லை. நான் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டேன். அண்ணி மண்ணைப் பார்த்துக் கத்தினார். "ஏய், இங்க வா! காலி மனையில யாருடி எட்டு போட்டது?" மண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு எட்டாகச் சக்கரத் தடம்! அப்பப்பா, அந்த முகத்தில்தான் எத்தனை சந்தோஷம்!

சாயங்காலம் மறுபடி போனால் மனை முழுக்கப் பெண்கள். வேலை விட்டு வந்து ஒருவருக்கொருவர் ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள். "ரோட்டுல கத்துக்கிட்டா ஹாரன் அடிச்சே கொன்னுடுவாங்க. விழுந்து எந்திரிக்க எங்களுக்கு இந்த இடத்தை விட்டா வேற இல்ல" என்றார் மருந்துக்கடை அக்கா. வாயைப் பிளந்து நின்ற என்னையும் ஒரு வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

இன்று காலை அண்ணி இதைச் சொன்னதற்கு மேலதிகாரி அசையவில்லையாம். "ஆபீஸ் நேரத்துல போய்ப் பாக்குறதுதாம்மா கணக்கெடுப்பு. நாளைக்குக் கூட்டம். வெள்ளை மனையெல்லாம் லாரி நிறுத்த ஒதுக்கப் போறாங்க. விடுங்க."

அண்ணியா விடுவார்? சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும், "வீட்டுக்குப் போற வழிதானே சார், ரெண்டே நிமிஷம்" என்று அவரைக் கையோடு கூட்டிவந்து மனையின் நடுவில் நிறுத்திவிட்டார்.

அவர் "இதுல என்னம்மா..." என்று வாயெடுத்தார். அதற்குள் ஒரு ஸ்கூட்டர் நேராக அவரைப் பார்த்து வந்தது. "சார், தள்ளுங்க! பிரேக் வரலை!" அலறியது வேறு யாருமில்லை, நான்தான். மனிதர் துள்ளிய துள்ளலில் ஒரு செருப்பு எட்டின் நடுவில் கிடந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, தள்ளாடிக்கொண்டே வளைகிற வண்டிகளை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் படத்தைக் குடுங்கம்மா" என்றார். "பச்சை இருக்கா?"

அண்ணி வரைபடத்தை ஒரு ஸ்கூட்டர் இருக்கையில் விரித்தார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி நீட்டினார். முடி அவிழ்ந்து முதுகெல்லாம் விழுந்தது. அதை முடியக்கூடத் தோன்றாமல், காற்றில் படம் பறக்காதபடி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.