பாத்திரத்துக்காக ஒரு சந்தேகம்

வகுப்பில் அவனை எல்லோரும் ‘வெடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் போதும், கடைசி பெஞ்சு குலுங்கும். வீட்டிலும் அதே கதைதான், அக்கா போன் செய்தால், “இன்னைக்கு யாரை ஓட்டினே?” என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற விஷயத்துக்கு வருவாள். அப்படிப்பட்டவனுக்கு மனசு சரியில்லை என்றால் யார் நம்புவார்கள்? தூக்கம் போய் ரொம்ப நாளாயிற்று. வெளியே சொன்னால் லூசு என்று பட்டம் கட்டிவிடுவார்களே என்ற பயத்தில் அவன் மூச்சே விடவில்லை.

இந்த லட்சணத்தில், பல்கலைக்கழகத்து மனநல விழிப்புணர்வு நாடகத்தில் நோயாளி வேஷம் அவன் தலையிலேயே விழுந்தது. அவனுடைய அறைத்தோழன் தன்னைத்தானே டைரக்டராக நியமித்துக்கொண்டு, பரட்டைத் தலை விக், கிழிந்த சட்டை, எறிவதற்கு ஒரு கல் என்று சகலமும் தயார் செய்திருந்தான். விழிப்புணர்வாம்!

ஒத்திகை பார்க்க வந்த மனநல ஆலோசகர் அம்மா விக்கைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“இப்படி ஒருத்தரை நான் என் ரூம்ல பாத்ததே இல்லப்பா. வர்றவங்க எல்லாம் உங்கள மாதிரிதான் இருப்பாங்க. தலைகூட சீவியிருப்பாங்க.”

வெடி கையைத் தூக்கினான். “மேடம், பாத்திரத்துக்காக ஒரு சந்தேகம். இவன் எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டு, ரூமுக்கு வந்து ஷூவைக்கூடக் கழட்டாம படுத்துக் கிடப்பானா?”

“கிடக்கலாம்.”

“பசிக்காதா?”

“பசிக்காமலும் இருக்கலாம்.”

“அக்கா போனை எடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு தடவை சிரிச்சுப் பாத்துக்குவானா?”

டைரக்டர் துள்ளிக் குதித்தான். “பிச்சு உதறுறான் பாருங்க மேடம்! பாத்திரமாவே மாறிட்டான்!”

ஆலோசகர் சிரிக்கவில்லை. “அந்தப் பாத்திரத்தை நாளைக்குக் காலையில என்னை வந்து பாக்கச் சொல்லு. இதுக்கெல்லாம் வழி இருக்கு.”

வெடி ஓர் அடி முன்னால் வந்தான். இப்போது விட்டால் இனி எப்போதுமே சொல்ல முடியாது.

“பாத்திரம் இல்ல மேடம். நான்தான்.”

ஒத்திகைக்கு வந்திருந்த வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டைரக்டர் விசில் வேறு அடித்தான். பாழாய்ப்போன பேர் வெடிக்கு அப்படி ஒட்டியிருந்தது. சிரிப்பு அடங்கும்வரை அவன் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு இன்னொரு முறை சொன்னான்.

“நான்தான்.”

டைரக்டரின் முகம் தொங்கிப்போயிற்று. ஷூவோடு படுத்துக் கிடந்தவனைச் சோம்பேறி என்று தினமும் திட்டியவன் அவன்தானே!

“காலையில எத்தனை மணிக்கு மேடம்? நானும் கூட வரேன்” என்றான்.

வெடி பதிலுக்கு ஏதாவது ஜோக் எடுத்துவிடப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. எல்லோர் முன்னாலும் அழுதான், ஒருத்தரும் சிரிக்கவில்லை.