சந்துக்கு மேலே ஒரு முழ வானம்

சந்துக்கு மேலே தகரம் போட்டவனே, உன்னைத்தான் சொல்கிறேன். என் சூரியனை எடுத்தது நீதான். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் பெருமையாகத் தாராவி முழுக்கக் காட்டிக்கொண்டு திரிவாய்.

மற்றவர்களுக்கு விவரம் சொல்கிறேன். நான் தோல் பை தைத்து விற்கிறவள். பத்தாவதோடு நின்ற படிப்பை நாற்பது தாண்டி மறுபடி பிடித்து, ஞாயிற்றுக்கிழமைக் காலேஜில் பி.ஏ. கடைசி வருஷம் வரை வந்துவிட்டேன். விருப்பப் பாடமாகக் கணக்கு எழுதுவதும் இருந்தது, வானியலும் இருந்தது. எனக்கா ஒருத்தர் கணக்குச் சொல்லித்தருவது என்ற திமிரில் வானியலை எடுத்தேன். பை விற்பதைவிட வானம் படிப்பது கஷ்டமான தொழில். சரக்கைத் தொட்டுப் பார்க்க முடியாது, முதலாளி யாரென்று தெரியாது, சொன்ன விலையில் ஒரு பைசா குறையாது. வயசு போன பிறகு காலேஜ் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்ட அத்தனை பேருக்கும் என் வலி புரியும்.

பழைய சரக்கு

வகுப்பு மாட்டுங்காவில். வானியல் எடுக்கும் மேடம் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். சூரியனை விட்டால் அடுத்த நட்சத்திரத்தின் வெளிச்சம் நம்மிடம் வரவே நாலு வருஷத்துக்கு மேல் ஆகும், இன்றைக்குப் பார்ப்பது அன்றைக்குக் கிளம்பியது என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து நின்றேன். "அப்ப இந்த நிமிஷம் அது அங்க இருக்கா இல்லையா மேடம்? பழைய சாம்பிளைக் காட்டி இன்னைக்கு விக்கிறதா? எங்க லைன்ல இப்படிப் பண்ணினா கடைக்குள்ள விடமாட்டாங்க!"

வகுப்பே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்காமல், ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "நம்பித்தான் எடுத்துக்கணும்மா. வானத்துல ரிட்டர்ன் கிடையாது."

பிந்தி வரும் உச்சி

செய்முறைக்கு ஒரு வேலை கொடுத்தார். கம்பி ஒன்றை நட்டு, டிசம்பர் கடைசி தொடங்கி வாரம் ஒரு நாள், உச்சி நேரத்தில் நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். நிழல் வரவரக் குட்டையாகும். மே நடுவில் ஒரு நாள் மும்பைக்கு நேர் மேலே சூரியன் வரும், அன்று கம்பிக்கு நிழலே இருக்காது. அந்தக் கடைசிக் குறியும் இருந்தால்தான் பாஸ். பாஸானால்தான் டிகிரி.

டால்டா டப்பாவில் சிமெண்ட் கரைத்து ஊற்றிக் கம்பியை நட்டேன். பன்னிரண்டு அடித்ததும் சந்தில் போய் நின்றால் வெயிலைக் காணோம்! மேடத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். நம் கடிகாரம் கிழக்கே வேறோர் ஊரை வைத்து ஓடுகிறது, மும்பையில் சூரியன் அரை மணி போலப் பிந்தித்தான் உச்சிக்கு வரும் என்றார். இதை எங்கள் டெய்லர் செல்வராஜிடம் சொன்னேன். கோவண்டியிலிருந்து தினமும் தாமதமாக வருகிறவன். மெஷினுக்கு எண்ணெய் விட்டபடி நிமிராமல் சொன்னான்: "அப்ப நான் சரியாத்தான் வாரேன் எக்கா. நீங்கதான் தப்பான வாட்ச் கட்டியிருக்கிய."

வெயில் வந்து போகும் நேரம்

எங்கள் சந்து வடக்குத் தெற்காக ஓடுகிறது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருத்தர் வாசற்படியில் ஏற வேண்டும். மேலே மாடிகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி குனிந்து நிற்கும், நடுவே ஒரு முழ வானம். காலை வெயிலும் இல்லை, மாலை வெயிலும் இல்லை. உச்சியில் மட்டும் ஒரு வெளிச்சப் பட்டை மேற்குச் சுவரில் வழுக்கி இறங்கி, தரையைக் கடந்து, கிழக்குச் சுவரில் ஏறிப் போய்விடும். அதற்குள் மிளகாய் வெளியே வரும், துவைத்த யூனிஃபார்ம் வெளியே வரும்.

எத்தனையோ வருஷமாக அதைப் பார்த்துத்தான் உலை வைக்கிறேன். இப்போதுதான் தெரிந்தது, நகர்வது வெளிச்சம் இல்லை. மிளகாய், மெஷின், என் கம்பி, நான் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பூமிதான் அதன் கீழே மெல்ல மிதந்து கடக்கிறது. தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி இருந்தது. கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தரையில் நான் வைத்த மஞ்சள் பெயிண்ட் பொட்டுகள் வாரத்துக்கு வாரம் கம்பியை நெருங்கி வந்தன. எதிர்வீட்டு ஆயிஷா மிளகாயைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "என்ன எக்கா, கம்பியைப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு நிக்கிய? வீட்டுல அண்ணன்கிட்ட சொல்லவா?"

பாலத்தில் பௌர்ணமி

ஒரு சாயங்காலம் பை மூட்டையோடு செம்பூரில் ஏறி வாஷிக்குப் போனேன். ரயில் கடல் ஓடைப் பாலத்தில் ஏறியது. முதுகுப் பக்கம் சூரியன் இறங்குகிறது, எதிரே செம்புத் தட்டு மாதிரி நிலா ஏறுகிறது. போர்டில் வட்டம் வட்டமாக வரைந்தபோது மண்டையில் ஏறாத பௌர்ணமி, ரயில் வாசலில் தானாக ஏறிவிட்டது. அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் இது, நடுவில் நாம். கீழே தண்ணீர்கூட இரண்டு நிறமாக இருந்தது.

மனசு தாங்காமல் பக்கத்தில் நின்ற மராட்டிக்கார அம்மாளிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவள் சூரியனைப் பார்த்தாள், நிலாவைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்து இந்தியிலேயே சொன்னாள்: "அதெல்லாம் சரி. நடுவுல உன் மூட்டை இருக்கு, மொதல்ல அதை நகத்து."

தகரம்

மே முதல் வாரம். வகுப்பு முடிந்து வருகிறேன், சந்தில் இருட்டு. உன் மாடியிலிருந்து எதிர்மாடி வரைக்கும் புதுத் தகரம். மழைக்குத் தார்ப்பாய் கட்டுவது எல்லோரும் செய்வதுதான், ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாவது பார்த்திருப்பேன். நீ ஆணி அடித்துத் தாரும் பூசிவிட்டாய். கீழே என் கம்பி நிழல் இல்லாமல் நின்றது. நிழல் இல்லாமல் போக வேண்டியதுதான், ஆனால் இப்படி இல்லை.

முதலில் கத்தினேன். என் வாய்க்குப் பயப்படாதவர் எங்கள் லைனில் கிடையாது. பிறகு இறங்கி வந்தேன்: ஒரே ஒரு தகடு கழற்று, திரும்ப அடிக்கும் செலவு என்னுடையது, உன் பெண்டாட்டிக்கு ஒரு நல்ல பை சும்மா. நீ டீயை ஆற்றி ஆற்றிக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாய்: "மழைல நனையப் போறது ஒங்க தோலுந்தான் எக்கா. சூரியன் வேணும்னா சௌபாட்டி பீச்சுக்குப் போங்க."

தவணை

நிழல் இல்லாத அந்த நாளின் உச்சி, தகரத்துக்கு மேலேயே நடந்து முடிந்தது. கீழே நின்று கையை உயர்த்தினேன், சூடு மட்டும் இறங்கியது. மேடத்திடம் போய் மெயின் ரோட்டில் குறித்துத் தருகிறேன் என்று பேரம் பேசினேன். அவர் அசையவில்லை, ஒரே இடம், ஒரே கம்பி என்றார். ஆனால் வாசல் வரை வந்தவளைத் திரும்பக் கூப்பிட்டார். வடக்கே போன சூரியன் ஜூலைக் கடைசியில் திரும்பும்போது இன்னொரு தடவை நேர் மேலே வருமாம். "அதுவரைக்கும் டைம் தரேன். ஆனா அந்த மழைல நான் ஒரு தடவைகூட வெயிலைப் பார்த்ததில்லைம்மா."

ஆகவே தகரம் போட்டவனே, தோல் நனையாமல் நான் பார்த்துக்கொள்கிறேன், என் கம்பிக்கு நேரே இருக்கும் அந்த ஒரு தகட்டை மட்டும் ஜூலைக் கடைசியில் ஒரு மத்தியானம் கழற்று, மேகத்தோடு நான் பேசிக்கொள்கிறேன்.