மேனேஜர் ஆமைக்குக் கண் வலி

எங்கள் பாங்வேக் சந்து முனையில் மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுகிற சங்குவான் மாமாவுக்குக் கோபம் வராது. மடியில் துரியான் பழத்தை வைத்துக்கொண்டு அதன் முள்ளால் அவர் முதுகைக் குத்திக்கொண்டே வருகிற ஆளிடமும், "மெதுவா இறங்குங்க" என்றுதான் சொல்வார். அந்த மனுஷனையே தெருவே கேட்கக் கத்த வைத்தது ஓர் ஆமை.

ஆமையின் பெயர் மேனேஜர். காதோரம் சிவப்புக் கோடு, சாப்பாட்டுத் தட்டு அளவு ஓடு. அவர் மகள் முக் வேலை பார்த்த துணிக்கடை மேனேஜரும் இப்படித்தான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டே எல்லாரையும் முறைப்பாராம், அதனால் அந்தப் பெயர். முக் கொரியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனபோது, விமான நிலையத்தில் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழவில்லை. "அப்பா, நான் வரும்போது மேனேஜர் நல்லா இருக்கணும். உங்களைப் பத்தி எனக்குக் கவலையில்ல" என்று மட்டும் சொன்னாள். ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவுக்கு வருகிறேன் என்று போன் செய்த வாரம்தான் மேனேஜரின் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. கண் தெரியாத ஆமை சாப்பிடாது. ஓடு மட்டும் கல்லு மாதிரி இருக்க, உள்ளே ஆள் கரைந்துகொண்டிருந்தார்.

மாமா கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த அம்மா சொட்டு மருந்து கொடுத்தார். காய்ந்த இறாலை மட்டும் போட்டால் கண் கெடும், கீரையும் ஆமைத் தீனியும் கொடுங்கள், ஏறிக் காய ஒரு மேடு வேண்டும், அதற்கு மேலே வெயிலுக்குப் பதிலாக விளக்கு வேண்டும், எல்லாவற்றையும் விட முக்கியம் சுத்தமான தண்ணீர் என்றார்.

மாமா எல்லாம் செய்தார். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்து, குளோரின் வாடை போனபிறகு ஊற்றினார். செங்கல்லை அடுக்கி மேடு கட்டினார். தன் தலைக்கு மேலே இருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆமைக்கு விளக்குப் போட்டார். வள்ளைக்கீரையைப் பொடியாக நறுக்கினார். சொட்டு மருந்து விடும்போது தலையைப் பிடிப்பது அடுத்த வீட்டில் இருக்கிற என் வேலை. கடித்தால் என் விரல்தானே போகும்.

இத்தனை செய்தும், ராத்திரி அவர் வேலை முடிந்து வந்தால் தொட்டித் தண்ணீர் அரிசி கழுவின மாதிரி வெள்ளையாக இருக்கும். வடிகட்டிப் பஞ்சில் மாவு மாதிரி ஏதோ அப்பியிருக்கும். மாமா பஞ்சை மாற்றினார். வடிகட்டியையே மாற்றினார். கடைக்காரனிடம் போய், "என்னடா விக்கிற, சுண்ணாம்பா?" என்று சண்டை போட்டார். தண்ணீர் வாரியத்துக்குப் போன் செய்தார். அவர்கள் பாட்டுப் போட்டுவிட்டுப் போனவர்கள் திரும்ப வரவேயில்லை. மறுநாளும் வெள்ளை.

ஒருநாள் வண்டி பஞ்சராகி மத்தியானமே வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். டயரைப் பார்க்கலாமென்று நானும் கூடப் போனேன். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே பப்பாளிக்காய் சாலட் விற்கிற சம்லி அக்கா, சைக்கிளில் லாட்டரி விற்கிற ஆள், இன்னும் பாதிச் சந்து. நடுவில் ஒரு தட்டில் மேனேஜர். மாமாவின் மனைவி லமாய் அத்தை டார்ச் அடிக்க, சம்லி அக்கா லாட்டரி எண் தெரிகிறதா என்று குழந்தைப் பவுடரை ஓட்டின் மேல் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு மாதிரி தெரியுது பாரு."

"அது ஏழு இல்லடி, பாசி."

"வாலுக்கிட்ட இன்னும் கொஞ்சம் போடு. வாலுலதான் தெளிவா வரும்."

மாமா வாயைத் திறந்தார். சத்தம் வந்தது பாருங்கள், சந்து நாய் எல்லாம் எழுந்து உட்கார்ந்தது.

"கண்ணு அவிஞ்சு கிடக்குற ஜீவன் மேல பவுடரா போடுறீங்க!"

"பச்சைக் குழந்தைக்கே போடுறது மாமா, ஆமைக்கு ஆகாதா?" என்றார் சம்லி அக்கா.

"உன் கண்ணுல கொட்டிக்கிட்டுப் பேசு!"

லமாய் அத்தை டார்ச்சை அணைத்தார். "போன தடவ ஓட்டுல பார்த்த எண்ணுதான்யா விழுந்துச்சு. முக் போனதுக்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏறி எங்கிட்டப் பேச யார் வந்தா? நீ காலையில போனா ராத்திரி வர்ற."

மாமா தொட்டிக்குக் கம்பிவலை போட்டுப் பூட்டினார். சாவியை அலமாரியில் வைத்தார். அலமாரி யாருடையது? அத்தையுடையது. மறுநாளும் தண்ணீர் வெள்ளை.

"பொய்யா ஒரு எண்ணைச் சொல்லிவிடுங்க மாமா. எல்லாரும் வாங்கித் தோத்தா தானா கலைஞ்சு போயிடுவாங்க" என்றேன்.

மாமாவுக்கு அது சரியென்று பட்டது. எதிரே வந்த குப்பை லாரியின் எண்ணைப் பார்த்து, "மேனேஜர் ஓட்டுல முப்பத்தெட்டு" என்று சம்லி அக்கா காதில் போட்டார். சந்தே வாங்கியது. சீட்டு விழுந்த அன்று வந்தது எண்பத்துமூன்று.

ஒழிந்தது என்று நினைத்தோம். எங்கள் ஆள்களைப் பற்றித் தெரிந்தும் அப்படி நினைத்தது எங்கள் முட்டாள்தனம். "திருப்பிப் போட்டா அதேதானே!" என்று ஒருத்தன் கத்தினான், அவ்வளவுதான். பக்கத்துச் சந்திலிருந்தெல்லாம் வந்தார்கள். தொட்டி மேல் சாமந்தி மாலை. முன்னால் படையலாக ஸ்ட்ரா போட்ட சிவப்பு சோடா பாட்டில்கள் வரிசையாக. பக்தி முற்றிய யாரோ ஒரு பாட்டிலைத் தொட்டிக்குள்ளேயே ஊற்றிவிட்டார்கள். மேனேஜர் சிவப்புத் தண்ணீரில் செங்கல் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தார்.

மாமா அந்தக் கூட்டத்தில் மண்டி போட்டு ஆமையை எடுத்து சட்டையால் துடைத்தார். "என் பொண்ணு வருது. இதை எப்படிக் காட்டுவேன்?" என்றார். "கீரை கண்ணுக்குத் தெரியல அதுக்கு. பட்டினி கிடக்குது."

"பாவம்" என்றார்கள். பவுடர் டப்பாவை யாரும் கீழே வைக்கவில்லை.

மாமா அவர்களையே பார்த்தார். பிறகு எழுந்தார்.

"சரி, கேட்டுக்கங்க. நேத்து மேனேஜர் கனவுல வந்தாரு. ஏன் எண்ணு திரும்பி விழுந்துச்சு தெரியுமா? கண்ணு தெரியாம தலைகீழாப் படிச்சுட்டாராம். பவுடர் போட்டுக் கண்ணை மூடினா நான் எங்கேயிருந்துடா நேராப் படிக்கிறதுன்னு திட்டினாரு."

இப்படிக் கச்சிதமான காரணத்தை யாராலும் மறுக்க முடியாது. முதலில் சம்லி அக்காதான் டப்பாவைப் பின்னால் ஒளித்தார்.

"அப்ப என்ன செய்யச் சொன்னாரு, மாமா?"

"கிட்ட வராதீங்கன்னாரு. ராத்திரி பிடிச்சு வச்ச தண்ணி வேணும்னாரு. கீரை வேணும்னாரு." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வேப்பங்காயைக் கடித்த மாதிரி. உண்மையைச் சொன்னபோது ஒருத்தரும் அசையவில்லை. கனவு என்றதும் சந்து முழுக்க வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தது.

தொட்டி தெளிந்தது. சம்லி அக்கா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எட்டிப் பார்த்தவர்களை எல்லாம் சாலட் இடிக்கிற உலக்கையைக் காட்டி விரட்டினார். பாதி நேரம் லமாய் அத்தையும் கூட உட்கார்ந்து கதை பேசினார். காலையும் மாலையும் சொட்டு மருந்து. வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

முக் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், விளக்கடியில் மேனேஜரின் இடது கண் ஒரு கீறல் அளவு திறந்தது. மாமா ஒரு கீரைத் துணுக்கை நீட்டினார். மேனேஜர் கழுத்தை நீட்டி, குறி தவறி, மறுபடி நீட்டிக் கவ்வினார்.

"கண்ணைத் தொறந்துட்டாரு!" அத்தை சந்தோஷத்தில் வாசலைப் பார்த்துக் கத்திவிட்டார்.

"எந்த எண்ணு?" என்று வெளியே சம்லி அக்கா ஸ்டூலை உதைத்துக்கொண்டு எழுந்தார். சந்தில் செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

மாமா பாய்ந்து இரும்பு ஷட்டரை இழுத்து மூடினார். வெளியே பத்துக் கை தட்டியது. அவர் ஷட்டரில் முதுகை முட்டுக்கொடுத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டு, "அடுத்த துணுக்கைக் கொடு, சீக்கிரம்!" என்றார்.