பொட்டு அடைத்த டாலர்கள்

பட்டறைக் கல்லின்மேல் ஒரு வெள்ளி வளையம் கிடந்தது. நடுவிலிருந்த ஓட்டையைச் சுற்றிப் பல் பல்லாக வெட்டு. இடது கை சிறு வெள்ளிப் பொட்டு ஒன்றை எடுத்து அதன் பற்களை ஓட்டையின் பற்களோடு பொருத்திப் பார்த்தது. சேரவில்லை. கொஞ்சம் திருப்பியதும் உட்கார்ந்துகொண்டது. வலது கை, வெள்ளி விரிந்து வெள்ளியைக் கவ்வும்வரை, இரண்டும் சேரும் மூட்டைச் சுற்றிச் சுத்தியலால் தட்டியது. பக்கத்திலேயே அரம் இருந்தும் கை அதைத் தொடவில்லை. அரம் பட்டால் தூள் போகும். தூள் போனால் எடை போகும்.

அந்தக் கைகள் அனத்தோலுடையவை; ரோசோ என்ற தீவுத் துறைமுகத்தில் அவன் கொல்லன். அடிமையாயிருந்து, உழைத்துத் தன் விடுதலையைத் தானே வாங்கியவன். வெள்ளி டாலர்களெல்லாம் கப்பலேறித் தீவைவிட்டுப் போகாதிருக்க, ஒவ்வொன்றின் நடுவையும் வெட்டியெடுக்கக் கவர்னர் உத்தரவிட்டார். வெட்டியவனும் அனத்தோல்தான், வளையத்தில் முத்திரை அடித்தவனும் அவன்தான். வளையம் முழு டாலராகவே செல்லும், பொட்டு தனியாகச் சில்லறை என்று தமுக்கடித்துச் சொன்னார்கள்.

அக்கா மெலித் மட்டும் இன்னும் வியாபாரி பெல்கார்த்தின் அடிமை. கால் ஊனம் என்பதால் அறுபது டாலருக்கு விடுகிறேன் என்று அவர் பாதிரியார் முன்னால் ஒப்புக்கொண்டிருந்தார். அனத்தோல் அறுபது வளையங்களைக் கொண்டுபோய் வைத்தபோது அவர் தராசைத் தூக்கினார்.

"எடை குறையுதே."

"கவர்னர் முத்திரை இருக்கு, முசே. கூலியாளுங்களுக்கு நீங்களும் இதைத்தானே முழு டாலர்னு குடுக்கறீங்க?"

"குடுக்கறப்ப எண்ணுவேன், வாங்கறப்ப நிறுப்பேன். நான் கேட்டது டாலர். நீ கொண்டாந்தது ஓட்டை."

குமாஸ்தா சிரித்தான். "ஓட்டை போட்டதே நீதானேடா!"

"முழுசாக் கொண்டா. துண்டு துணுக்கெல்லாம் என் தராசுல ஏறாது. சனிக்கிழமை டிரினிடாட் கப்பல் கிளம்புது. இல்லேன்னா அவளை அங்கே வித்துக்கறேன்."

முழு டாலருக்கு எங்கே போவது? தீவில் இருந்ததையெல்லாம் வெட்டித் தீர்த்தது அவன் கைதான். அனத்தோல் நேரே, பொட்டுகள் சில்லறையாய்ப் புழங்கும் சந்தைக்குப் போனான். மரவள்ளி ரொட்டி விற்கும் ஃபிஃபின் என்பவள் முன்னால் நின்றான்.

"ஃபிஃபினக்கா, அறுபது பொட்டு வேணும். கையில காசில்லை. உங்க எல்லாரோட சட்டி, கத்தி, ரொட்டிக்கல்லு அத்தனையும் வருஷம் பூரா நான் அடிச்சுத் தரேன்."

"மாலை கோத்துப் போட்டுக்கப் போறியா?"

"பெல்கார்த் வாயை அடைக்கணும்."

"அந்த வாய்க்கு அறுபது பத்தாதேடா!" என்றவள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "மெலித்துக்கா? மொதல்லயே சொல்றதுக்கென்ன, மூதேவி!" இடுப்பில் காசு முடிந்திருந்த துணியை அவிழ்த்தாள்.

பக்கத்தில் கடை போட்டிருந்த உப்பு மீன்காரி தன் பங்குப் பொட்டுகளை எடுத்துக் கொடுத்தபடி கேட்டாள்: "திரும்ப ஒட்டினா உள்ளே தள்ளிட மாட்டாங்களா?"

"வெட்டறதுக்குத்தான் சட்டம் போட்டிருக்காங்க. ஒட்டறதுக்கு இன்னும் போடலை."

ஒவ்வொரு பொட்டையும் அடைக்கும்போது அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. ஊரே முழு டாலர் என்று வாங்கும் வளையத்தோடு மேலே சில்லறையும் சேர்த்து அழவேண்டும். அதுவும் கூடப்பிறந்தவளை மீட்க. பெல்கார்த்தின் பேச்சை நினைத்தால் கோபம் தோளிலிருந்து இறங்கி வரும். மணிக்கட்டைத் தாண்ட அவன் விடவில்லை. ஓங்கி அடித்தால் மூட்டு விரிந்துவிடும். மெலிந்த பொட்டுகளை ஒதுக்கித் தடித்தவையாகப் பார்த்து எடுத்தான். ஒட்டிய டாலரைக் கல்லில் போட்டு ஓசை கேட்டான். கரகரத்தவற்றைக் கழற்றி மறுபடி அடித்தான்.

வெள்ளிக்கிழமை அனத்தோல் பெல்கார்த்தின் கடைக்குள் நுழைந்தபோது பின்னால் பாதிரியாரும் சந்தைப் பெண்களும் வந்தார்கள்.

பெல்கார்த் ஒரு டாலரை எடுத்து ஒட்டிய இடத்தை நகத்தால் நெம்பினார். அசையவில்லை. தரையில் வீசினார். உருண்டு சுவரில் மோதி விழுந்தது, பிரியாமல். "அசிங்கமா இருக்கு" என்றார்.

"அழகுக்கு நீங்க விலை சொல்லலையே, முசே. நிறுங்க."

ஃபிஃபின் குனிந்து டாலரை எடுத்துத் தட்டில் போட்டாள். "எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம், முசே. தராசுல விரலை வைக்காதீங்க."

அறுபதும் ஏறின. முள் நடுவில் நின்று, பிறகு வெள்ளியின் பக்கமே லேசாகச் சாய்ந்தது. குமாஸ்தா சிரிக்கவில்லை. பெல்கார்த் தட்டை நோக்கிக் கையை நீட்டினார். அனத்தோல் தட்டின் விளிம்பை இறுகப் பிடித்தான்.

"மொதல்ல அவளை வரச்சொல்லுங்க."

பாதிரியார் தொண்டையைச் செருமினார். பெல்கார்த் உள்ளே பார்த்துக் கத்தினார். மெலித் ஈரக் கைகளோடு நொண்டிக்கொண்டு வந்தாள். அனத்தோல் ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பற்றித் தன் பக்கம் நிறுத்திக்கொண்டான். மறு கையால் தட்டைப் பெல்கார்த்திடம் தள்ளினான்.

"எடுத்துக்க."