வலது கால்

புவாத் கொழும்பு வெள்ளவத்தையில் இருபத்தாறு வருடம் கார் ஓட்டப் பழக்கியவர். வாகனங்கள் நெருக்கும் காலி வீதியின் நடுவில் எஞ்சின் நின்றுபோனால், பின்னால் ஹோர்ன் அடிப்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம் என்று பழகுபவர்களுக்குச் சொல்வார்.

பார்க்கின்சன் நோய் வந்து நான்கு வருடமாகிறது. நன்றாகத்தான் நடப்பார். ஆனால் வாசல் வந்தால் கால்கள் தரையோடு ஒட்டிவிடும். அவசரப்பட்டால் இன்னும் ஒட்டும். பிடித்து இழுத்தால் விழப் பார்ப்பார்.

கிளினிக்கில் அவருடைய மனைவி ஷபீகாவுக்கு ஒரு வழி காட்டினார்கள். அவருடைய பாதத்துக்கு முன்னால் தன் பாதத்தைக் குறுக்காக வைக்க வேண்டும். அதைத் தாண்டுவதற்கு அவருடைய கால் எழும்பும். கணவனுக்கு முன்னால் காலை நீட்டுவது அவளுக்குக் கூசியது. வீட்டில், குசினி வாசலில் முதல்முறை வைத்தபோது சிரிப்பும் வந்தது.

"உங்கள கால் தட்டி விழுத்த எத்தின நாள் நெனச்சீக்கிறன். இப்ப கிளினிக்லயே செய்யச் சொல்றாங்க."

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலுக்குத் தனியாகப் போவார். அங்கே வாசலில் வலது கால்தான் ஒட்டிக்கொள்ளும். இடது கால் எழும்பும். ஆனால் பள்ளிக்குள் வலது காலை வைத்து நுழைவதே முறை; இடது காலை முதலில் வைக்கும் மனிதரல்லர் அவர். வலது கால் மனம் வைக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். உதடுகளும் நடுங்குவதால், அவர் நீண்ட துஆ ஓதுகிறார் என்று எல்லோரும் எண்ணினார்கள். மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள். புவாத் மறுத்துச் சொல்லவில்லை. இது பொய்யில்லையா என்று ஷபீகா கேட்டாள். நோயாளி என்று தெரிந்தால் வீட்டிலேயே தொழச் சொல்லிவிடுவார்கள் என்றார்.

போன வெள்ளிக்கிழமை மழை. பிந்திவிட்டார். பிரசங்கம் முடிந்து தொழுகைக்கு எழும்பிவிட்டார்கள். வாசலில் கால் ஒட்டியது. உள்ளே தோளோடு தோளாக வரிசைகள் நெருங்கின. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையையும் அவர் தவறவிட்டதில்லை. பின்னால், பாமசியில் மருந்து விற்கும் நபீஸ், துஆ முடியட்டும் என்று தலைகுனிந்து நின்றார்.

"நபீஸ், நான் ஓதல்ல," என்றார் புவாத். "கால் ஒட்டிட்டு. உங்கட கால எனக்கு முன்னுக்குக் குறுக்கால வைங்க."

நபீஸ் விளங்காமல் பார்த்தார்.

"தட்டி விழுந்திருவீங்க, புவாத் நானா."

"வைங்க, சொல்றன்."

நபீஸ் தயங்கித் தயங்கிப் பாதத்தை நீட்டினார். புவாத்தின் வலது கால் எழும்பி, அதைத் தாண்டி, உள்ளே விரிப்பின்மேல் இறங்கியது.

அடுத்த காலும் வரட்டும் என்று நபீஸ் நீட்டிய பாதத்தை எடுக்காமல் நின்றார்.