வாங்கினவங்களிடம் விசாரித்த மாரிமுத்து அண்ணன்

மாரிமுத்து அண்ணன் தவறிய செய்தி வந்தபோது நான் சலூனில் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடிந்திருந்தது, வலது பக்கம் வெள்ளையாகவே இருந்தது. அப்படியே எழுந்து ஓடினேன். சாவு வீட்டில் அழுதுகொண்டிருந்த அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் இருந்திருந்தால் ஒரு மாசத்துக்கு என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

நோர்வூட் ஸ்டாண்டில் அவர் ஆட்டோவில் ஏறிய உங்களில் பலருக்கு அவரைக் 'கஞ்சன்' என்றுதான் தெரியும். அந்தப் பேர் வந்த கதையைச் சொல்கிறேன்.

பொகவந்தலாவைப் பக்கம் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் லய வீடுகளை மூடியபோது, ஸ்டாண்டில் நாங்கள் பணம் சேர்த்தோம். அதை வாங்கிப்போக டீசேர்ட் போட்ட ஒரு தம்பி பெரிய பேனரோடு வந்தார். எல்லாரும் போட்டோவுக்கு நின்றோம். அண்ணன் மட்டும் நிற்கவில்லை.

"தம்பி, இதுக்கு முந்தி உங்ககிட்ட உதவி வாங்கின ஒரு ஆளு பேரு சொல்லுங்க. நான் போய் விசாரிச்சிட்டு வாரேன்."

"நம்பிக்கை வேணும் அண்ணே."

"நம்பிக்கை நெறைய இருக்கு தம்பி. பேருதான் இல்ல."

நான் விடுவேனா? "இவரு பொண்ணு பார்க்கப் போனப்பவும் பக்கத்து லயத்துல விசாரிச்சிட்டுத்தான் தேத்தண்ணி குடிச்சாரு" என்றேன். ஸ்டாண்டே சிரித்தது. பணம் பேனரோடு போனது. அண்ணன் தன் பங்கைத் தரவில்லை. அன்றைக்கே 'கஞ்சன்' ஆகிவிட்டார்.

மறுநாள் அவர், வீடிழந்த சனம் தங்கியிருந்த, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்துக்குப் போய், உட்கார்ந்து விசாரித்திருக்கிறார். வந்து எங்களிடம் சொன்னார்: "மொத தடவ உதவி குடுக்க எல்லாக் கூட்டமும் வந்திருக்காங்க. கக்கூஸ் அடைச்சிருக்குன்னு சொன்னதும் மறுபடி வந்தது ஒரே ஒரு சின்னக் கூட்டம். நான் என் பங்க அவங்ககிட்ட குடுத்துட்டேன்." யாரும் நம்பவில்லை.

டீசேர்ட் தம்பியின் போன் பிறகு வேலை செய்யவில்லை. ஒரு போர்வைகூட மடுவத்துக்கு வந்து சேரவில்லை. அண்ணன் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. நாங்கள்தான் கேட்டோம், என்ன அண்ணே பேசாம இருக்கீங்க என்று. "குளிர்ல கெடக்குறது நானா, நீங்களா? அவங்கல்ல பேசணும்" என்றார். அப்புறமும் நாங்கள் பேரை மாற்றவில்லை. கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவர் சவப்பெட்டியைத் தூக்கும்போது "தங்கமான மனுசன்" என்று சொன்னதும் அதே வாய்கள்தான். என் வாயும் அதில் ஒன்று. தங்கத்தை உரசிப் பார்க்க ஆள் சாக வேண்டியிருக்கிறது எங்களுக்கு.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த விசாரிப்புத்தான். போன வாரம் இன்னொரு கூட்டம் ஸ்டாண்டுக்கு வந்து பணம் கேட்டது. அவர்களைப் பற்றி விசாரிக்க நான் மடுவத்துக்குப் போனேன். இத்தனை மாசமாகியும் சனம் அங்கேயேதான். ஆட்டோவை நிறுத்தி இறங்கியதும், சாமான் கொண்டுவந்தவன் என்று நினைத்து வரிசையில் நின்றுவிட்டார்கள். என் கையில் இருந்தது மத்தியானச் சோத்துப் பார்சல் மட்டும். முதலில் நின்ற அக்காவிடம் நீட்டினேன். அவர் பிரித்துப் பார்த்தார்.

"கருவாடு இருக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.