டாக்டருக்குப் பக்கத்தில் நின்றவள்

நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. நேரத்தைக்கூட என் கடை அளவு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் தையல்காரன். பிறவியிலேயே மாறுகண். ஒருவருக்கு அளவெடுத்தால் பக்கத்தில் நிற்பவர், "என்னய்யா முறைக்கிறே?" என்று சண்டைக்கு வருவார். முப்பத்தாறு வயதில் அக்காதான் பிடிவாதம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கண்ணைத் திருப்பும் தசையை வெட்டி, இடம் மாற்றித் தைக்கும் ஆபரேஷன். "ஒரு மணி நேர வேலை" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை 9.15. கட்டைப் பிரித்தார்கள். எல்லாமே இரண்டாகத் தெரிந்தது. இரண்டு ஜன்னல், இரண்டு அக்கா, இரண்டு நர்ஸ். ஒவ்வொன்றுக்கும் இடது பக்கத்தில் இன்னொன்று.

டாக்டர் வந்தார். அவர் மட்டும் ஒருவராகத்தான் தெரிந்தார். இரண்டாவது டாக்டர் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு பெண் நின்றாள். பச்சை ஆபரேஷன் கவுன். இடது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

"அது யாரு டாக்டர், உங்க பக்கத்துல?"

"யாரும் இல்லையே. கொஞ்ச நாள் ரெட்டையா தெரியும். சரியாயிடும்."

ஒரு கண்ணை மூடினேன். மறைந்தாள். திறந்தேன். நின்றாள்.

ஒரு வாரமாகியும் சரியாகவில்லை. ஊசியில் கோர்க்கப் பார்த்த நூல் காற்றில் போனது. வாடிக்கையாளர் ஒருவர் சட்டையை முகத்தில் வீசிவிட்டுப் போனார். "நான்தான்டா உன் பிழைப்பைக் கெடுத்துட்டேன்" என்று அக்கா அழுதாள்.

எட்டாம் நாள், காலை 10.20. மறுபரிசோதனை. அவள் இன்னும் நெருங்கியிருந்தாள். டாக்டரின் மணிக்கட்டில் இரண்டு விரல். நாடி பார்ப்பதுபோல. உதடுகள் எதையோ எண்ணின.

டாக்டர் அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டார். "ஏசியக் குறைங்க சிஸ்டர்."

"ஏசி போடவே இல்ல டாக்டர்."

அவர் என் பக்கம் திரும்பினார். "தச்ச தசை நழுவியிருக்கு. திரும்பத் திறக்கணும்."

பத்தாம் நாள், 11.30. சொட்டு மருந்தால் கண்ணை மரக்க வைத்தார்கள். இமை மூடாதபடி கம்பி மாட்டினார்கள். மற்ற கண்ணைத் துணியால் மூடினார்கள். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் எதுவும் இரண்டாகத் தெரியாது.

ஆனால் அவள் தெரிந்தாள்...

டாக்டரின் தோளுக்குப் பின்னால். மிக அருகில்.

என் தலைமாட்டில் இதயத் துடிப்பு மெஷின். பிப்... பிப்... பிப்...

டாக்டர் கொக்கியால் தசையை இழுத்தார்.

அவள் குனிந்தாள். என் காதோரம்.

"அசையாதீங்க அண்ணா. உங்களுக்கு இல்ல."

பிப்.......... பிப்...

"துடிப்பு குறையுது டாக்டர்!" நர்ஸ் கத்தினாள்.

என் நெஞ்சு நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. பேயாக அடித்தது.

அவள் கை டாக்டரின் மார்புக்குள் போனது. மேலே இல்லை. உள்ளே.

பிப்...

கொக்கி கீழே விழுந்தது. டங்.

அப்புறம் அவர்.

11.42.

வேறொரு டாக்டர் வந்து என் கண்ணைத் தைத்து முடித்தார். இப்போது எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது.

இரண்டு மாதம் கழித்து அந்த நர்ஸ் ஜாக்கெட் தைக்கக் கடைக்கு வந்தாள். வேலையை விட்டுவிட்டாளாம். நான் கேட்காமலே சொன்னாள்.

"டாக்டர் பக்கத்துல யாருன்னு கேட்டீங்களே, அந்தப் பொண்ணுக்கு பத்தொன்பது வயசுண்ணா. இதே ஆபரேஷன்தான். தசைய இழுத்தா சிலருக்கு இதயம் நிக்கப் பார்க்கும். உடனே விட்டுட்டா திரும்ப அடிக்கும். டாக்டர் போன்ல பேசிட்டிருந்தாரு. மெஷின் சத்தம் தொந்தரவா இருக்குன்னு நிறுத்தச் சொன்னாரு. நான்தான் நிறுத்தினேன்..."

"அந்தப் பொண்ணு வீட்டுல என்ன சொன்னீங்க?"

"பிறவியிலேயே இதயக் கோளாறுன்னு."

ஜாக்கெட் துணியை மேஜையில் வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

டாக்டர் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாராம். கண்ணை எடுக்க வந்தவர் இமையைத் திறந்ததும் கையை உதறிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாராம்.

டாக்டரின் இடது கண் மூக்கை ஒட்டித் திரும்பியிருந்தது. அதன் தசையை யாரோ வெட்டி, இடம் மாற்றி, தைத்திருந்தார்கள்.

தையல் புதுசு. ரத்தம்கூடக் காயவில்லை.